போர்டில் யார் பெயர் இருக்க வேண்டும்? – தொழில் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் அண்ணா. எனக்கு 38 வயது. மஸ்கட்டில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பதினோரு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்துவிட்டு ஊருக்கே வந்துவிட்டேன். கையில் 16 லட்சம் இருக்கிறது. மனைவியின் நகையைத் தொடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கடை பார்த்தேன், வாடகை 22,000, அட்வான்ஸ் 2 லட்சம். ஒரு டீக்கடை செயின் கம்பெனி ஃபிரான்சைஸ், அதாவது அவர்கள் பெயரில் கடை நடத்தும் உரிமை, தருவதாகச் சொல்கிறது. கட்டணம் 4 லட்சம், உள்வேலைக்கு 6 லட்சம், அதையும் அவர்கள் ஆள்தான் செய்வாராம். விற்பனையில் 5 சதவீதம் ராயல்டி. டீத்தூள், பிஸ்கட், கப் எல்லாம் அவர்களிடமே வாங்க வேண்டும். ஒப்பந்தம் 5 வருடம். நாளுக்கு 10,000 விற்கும், மாதம் 70,000 நிற்கும் என்கிறார்கள். என் மச்சானோ, எவனுக்கோ எதற்குக் கப்பம் கட்டுகிறாய், சொந்தமாகப் போடு என்கிறார். எனக்குக் கடை நடத்திப் பழக்கமில்லை. என்ன செய்யட்டும்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: தம்பி, முதலில் அந்த 70,000 நிற்குமா என்று பார்த்துவிடுவோம், மற்றதை அப்புறம் பேசலாம்.

நாளுக்கு 10,000 என்றால் அதில் டீ, காபி ஒரு 6,000, பஜ்ஜி பிஸ்கட் வகையறா 4,000 என்று வையுங்கள். டீ 15 ரூபாய் என்றால் 400 கப். காலை 6 முதல் இரவு 9 வரை கடை திறந்திருந்தாலும் மத்தியானம் மூன்று மணி நேரம் ஈ ஓட்ட வேண்டியதுதான், அதைக் கழித்தால் மணிக்கு 33 கப். அதாவது இரண்டு நிமிடத்துக்கு ஒரு கப்புக்கு மேல், ஞாயிறும் மழை நாளும் உட்பட, வருடம் முழுக்க. நடக்காத காரியம் என்று சொல்லவில்லை, திண்டுக்கல்லிலேயே இதைவிட அதிகம் விற்கிற கடைகள் உண்டு. ஆனால் நீங்கள் பார்த்திருக்கும் அந்த இடத்தில் நடக்குமா என்பது கம்பெனிக்காரருக்குத் தெரியாது, உங்களுக்கும் இன்னும் தெரியாது.

சரி, நடக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். மாத விற்பனை 3 லட்சம். சரக்குக்கு 45 சதவீதம், 1,35,000. வாடகை 22,000. டீ மாஸ்டருக்கு 25,000, இரண்டு பையன்களுக்கு 30,000. கேஸ், கரண்ட் 18,000. சிந்துவது, கெடுவது, சில்லறைச் செலவு 8,000. விற்பனை வருடத்துக்கு 20 லட்சத்தைத் தாண்டுவதால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும், உணவகத்துக்கு 5 சதவீதம், 15 ரூபாய் டீக்கு மேல் தனியாக வரி கேட்டால் யார் கொடுப்பார்கள், அதனால் அது உங்கள் கையிலிருந்துதான் போகும், சுமார் 14,000. ராயல்டி 15,000, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 2,700. இந்த 2,700-ஐப் பலர் கவனிப்பதே இல்லை. மற்ற வியாபாரமாக இருந்தால் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம், 5 சதவீதம் கட்டும் உணவகத்துக்கு அந்தச் சலுகை கிடையாது, போனது போனதுதான். எல்லாம் கூட்டினால் 2,69,700. மீதி 30,300.

இதோடு முடியவில்லை. கட்டணம் 4 லட்சம் என்றார்களே, அதற்கும் ஜிஎஸ்டி 72,000 உண்டு. உள்வேலை 6 லட்சம், பாய்லர், ஃபிரிட்ஜ், பாத்திரம் ஒன்றரை லட்சம். மொத்தம் 12 லட்சத்துக்கு மேல் போட்டு அதை ஒப்பந்தம் முடிவதற்குள், 60 மாதத்தில், எடுக்க வேண்டும் என்றால் மாதம் 20,000 அதற்கே ஒதுக்க வேண்டும். ஆக, 15 மணி நேரம் கடையில் நின்று, கம்பெனி சொன்ன விற்பனையும் நடந்து, உங்கள் உழைப்புக்கு நிற்பது 10,000. விற்பனை 7,000-க்கு இறங்கினால் இதே கணக்கில் மாதம் சுமார் பத்தாயிரம் கைக்காசு போடுவீர்கள், போட்ட முதலைக் கணக்கில் சேர்க்காமலே.

அவர்கள் காட்டிய 70,000 எப்படி வந்தது என்று அந்தத் தாளை மறுபடி எடுத்துப் பாருங்கள். உங்கள் சம்பளம், முதல் தேய்மானம், வரி, இந்த மூன்றும் அதில் இருக்காது என்று நினைக்கிறேன்.

இனி மச்சான் சொல்வதற்கு வருவோம். ராயல்டி கொடுப்பதே தண்டம் என்று நான் சொல்ல மாட்டேன். கொடுக்கிற காசுக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் கேள்வி. பெயரைப் பார்த்து வருகிற ஆள் எத்தனை பேர், இடத்தைப் பார்த்து வருகிற ஆள் எத்தனை பேர்? இதைக் கண்டுபிடித்தால் பாதி முடிவு கைக்கு வந்துவிடும்.

எனக்கு இது புரிந்த விதத்தைச் சொல்கிறேன். திருச்சியில் நாலு வருடம் ஒரு கம்பெனியின் பெயரில் டீ, பேக்கரிக் கடை நடத்தினேன். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரத்தில் கடையின் தோற்றத்தை முழுக்க மாற்ற வேண்டும், செலவு 5 லட்சம், அது உன் பொறுப்பு என்றார்கள். என்னால் முடியவில்லை. போர்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்குப் பெயரில்லாத கடையின் ஷட்டரைத் தூக்கிவிட்டுப் பாலைக் காய வைத்தேன், கை நடுங்கியது. ஆறே காலுக்கு வழக்கமாக வரும் ரிட்டயர்டு வாத்தியார் வந்து, மேலே ஒரு தரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, “போர்டு பெயிண்ட் அடிக்கப் போயிருக்கா?” என்று கேட்டபடி எப்போதும் உட்காரும் மூலையில் போய் உட்கார்ந்தார். சர்க்கரை கம்மி, ஸ்ட்ராங். அதற்குப் பின்னால் ஆட்டோக்காரர்கள், எதிரே மருந்துக்கடைப் பையன்கள், எல்லாரும் வந்தார்கள். காலைக் கூட்டம் அப்படியே இருந்தது. சாயங்காலம் குடும்பத்தோடு கேக் சாப்பிட வருகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள், ஆன்லைன் ஆர்டர் ஒன்றுமே இல்லை. நாலு வருடமாக எந்தக் கூட்டத்துக்கு நான் ராயல்டி கட்டினேன் என்பது அந்த ஒரு வாரத்தில் தெரிந்தது. காலை டீ குடித்தவர்கள் யாரும் கம்பெனிக்காக வந்தவர்கள் இல்லை, மாஸ்டர் கைக்கும் முக்கு ரோட்டுக்கும் வந்தவர்கள்.

என்னைக் காப்பாற்றியது ஒன்றுதான். வாடகை ஒப்பந்தம் என் பெயரில் இருந்தது. போனது என்ன தெரியுமா, கூகுள் மேப்பில் நாலு வருடமாகச் சேர்ந்த வாடிக்கையாளர் கருத்துகள், கடை போன் நம்பர், உணவு டெலிவரி கணக்கு. மூன்றும் கம்பெனி பெயரில் திறந்தவை. இதை நான் கையெழுத்துப் போடும்போது கேட்டே இருக்கவில்லை. ஆகவே எந்த ஒப்பந்தமானாலும் வாடகை யார் பெயரில், நம்பர் யார் பெயரில், ஆன்லைன் பக்கம் யார் பெயரில் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அதே கம்பெனி பக்கத்துத் தெருவில் இன்னொருவருக்குக் கடை கொடுக்காது என்பதற்கு எத்தனை கிலோமீட்டர் என்று எண் இருக்க வேண்டும், “நியாயமான தூரம்” என்று எழுதியிருந்தால் அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை.

டீத்தூள் விவகாரத்தையும் பாருங்கள். கம்பெனி தரும் தூளின் கிலோ விலையையும் உங்கள் ஊர் மொத்தக் கடையில் கிடைக்கும் அதே தரத்துக் குன்னூர் டஸ்ட் விலையையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். அந்த வித்தியாசம்தான் இரண்டாவது ராயல்டி. அதை யாரும் ராயல்டி என்று சொல்ல மாட்டார்கள், பல கம்பெனிகளுக்கு உண்மையான வருமானமே அதில்தான்.

நம் நாட்டில் ஃபிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டம், வணிகச் சின்னச் சட்டம் இவற்றை வைத்துத்தான் ஓடுகிறது. அமெரிக்காவில் கையெழுத்துக்கு 14 நாள் முன்பே எல்லா விவரத்தையும் எழுத்தில் கொடுத்தாக வேண்டும், விலகிப்போன கடைக்காரர்கள் பட்டியல் உட்பட. இங்கே நீங்களாகக் கேட்டால்தான் உண்டு. மூடிய கடைகள் எத்தனை, ஏன் என்று கேளுங்கள். அவர்கள் காட்டும் கடைக்குப் போகாமல் நீங்களாக நாலு கடையைத் தேர்ந்தெடுத்து, காலை பதினோரு மணிக்கும் ராத்திரி ஏழு மணிக்கும் போய் உட்காருங்கள், கல்லாவில் இருப்பவரிடம் பேச்சுக் கொடுங்கள். மூடிவிட்டுப் போன ஒருவரையாவது பிடித்துவிட்டால் இன்னும் நல்லது.

விலகினால் மூன்று வருடம் இதே தொழில் செய்யக் கூடாது என்று ஒரு பிரிவு இருந்தால் பயந்துவிடாதீர்கள். ஒப்பந்தம் நடக்கும்போது அது செல்லும், ஒப்பந்தம் முடிந்த பிறகு தொழிலைத் தடுக்கும் பிரிவை நம் நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை, ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. அவர்கள் பெயரையும் அவர்களின் தனிச் செய்முறையையும் பயன்படுத்தக் கூடாது, அது வேறு விஷயம். கையெழுத்துக்கு முன் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள், சில ஆயிரம்தான் செலவாகும்.

என் முடிவைக் கேட்டால், இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். முக்கியமான காரணம் லாபம்கூட இல்லை, மூச்சு விட இடமில்லை என்பதுதான். அவர்கள் வழியில் போனால் அட்வான்ஸையும் சேர்த்து 14 லட்சத்துக்கு மேல் முதல் நாளே போய்விடும், மிச்சம் ஒண்ணே முக்கால் லட்சம், வாடகைக்கும் சம்பளத்துக்கும் இரண்டு மாதத்துக்குத்தான் வரும். சொந்தமாக என்றால் அட்வான்ஸ் 2, உள்வேலை 3, சாமான் 2, ஆக 7 லட்சத்தில் கடை திறந்துவிடலாம். ஆறு மாத வாடகை, சம்பளம் 4.62 லட்சத்தைத் தனியாக வங்கியில் போட்டு வைத்தாலும் இன்னும் நாலு லட்சத்துக்கு மேல் மிச்சம் இருக்கும். அதே 7,000 விற்பனையில், சரக்கு 40 சதவீதமாகக் குறைந்து ராயல்டியும் இல்லாததால், நஷ்டத்துக்குப் பதில் மாதம் சுமார் 13,000 நிற்கும். பெரிய தொகை இல்லை, ஆனால் கடை உயிரோடு இருக்கும்.

ஆனால் உடனே திறக்காதீர்கள். பார்த்த கடைக்கு எதிரே ஒரு வேலை நாளும் ஒரு ஞாயிறும் நோட்டோடு உட்கார்ந்து, பக்கத்து டீக்கடையில் மணிக்கு எத்தனை கிளாஸ் போகிறது என்று கோடு போட்டு எண்ணுங்கள். பிறகு ஒரு மாதம் தெரிந்த கடை ஒன்றில் சம்பளம் இல்லாமல் நில்லுங்கள், வேறு ஊரில் என்றால் சங்கடம் இல்லை. மாஸ்டர் ஒரு நாள் வரவில்லை என்றால் நீங்களே பட்டறையில் நின்று நூறு டீ ஆற்றத் தெரிய வேண்டும், அது தெரியாமல் சொந்தக் கடை வேண்டாம், ஏனென்றால் அது கட்டாயம் நடக்கும், அதுவும் முகூர்த்த நாளில் நடக்கும். மற்றபடி பதினோரு வருடம் சரக்குக் கணக்குப் பார்த்தவர் நீங்கள். பால் எத்தனை லிட்டர் வந்தது, எத்தனை கப் போனது என்று தினமும் எழுதி வைக்கிற பழக்கம் பெரும்பாலான டீக்கடைகளில் இல்லை, காசு ஓடுவதே அந்த ஓட்டையில்தான். பழக்கம் இல்லை என்கிறீர்கள், பாதிப் பழக்கம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

பணம் குறைந்தால் மாவட்டத் தொழில் மையத்தில் பிஎம்இஜிபி என்ற மத்திய அரசின் மானியக் கடன் திட்டம் பற்றிக் கேளுங்கள். சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்ட மதிப்பு, மானியம் 15 முதல் 35 சதவீதம். மானியம் கையில் வராது, மூன்று வருடம் வங்கியில் டெபாசிட்டாக நிற்கும், அதை மனதில் வைத்துக் கணக்குப் போடுங்கள்.

கேள்வி: டிஎம்எல்டி (லேப் டெக்னீஷியன் டிப்ளமா) படித்து எட்டு வருடம் தனியார் மருத்துவமனை லேபில் வேலை செய்கிறேன். சொந்தமாகச் சின்ன லேப் வைக்கலாமா, அல்லது பெரிய லேப் கம்பெனியின் ரத்த மாதிரி சேகரிப்பு மையம் எடுக்கலாமா? டீக்கடை, மளிகைக்கடைக்கு எல்லாரும் சொந்தமே நல்லது என்கிறார்கள், எனக்கும் அதே பதில்தானா?
– வாசகி, பட்டுக்கோட்டை

பதில்: இல்லை, உங்களுக்கு நேர் எதிர்ப் பதில். சேகரிப்பு மையம் எடுங்கள்.

டீ நன்றாக இருக்கிறதா என்று குடிப்பவருக்கு நாக்கு சொல்லிவிடும். தைராய்டு சோதனையில் டிஎஸ்ஹெச் 6.2 என்று ஒரு தாளில் வந்தால் அது சரியா தவறா என்று நோயாளியால் சொல்ல முடியாது, டாக்டரும் லேபின் பெயரைப் பார்த்துத்தான் நம்புகிறார். இங்கே பெயர்தான் சரக்கு. தைராய்டு, ஹார்மோன், வைட்டமின் எல்லாம் பார்க்கும் மெஷினும் அதன் ரசாயனங்களும் ஒற்றை ஆள் வாங்கித் தாங்குகிற விலையில் இல்லை, நாளுக்குப் பத்து மாதிரி வந்தால் திறந்த ரசாயனம் காலாவதி ஆகிவிடும்.

கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும்போது பங்கு எத்தனை சதவீதம் என்பதற்கு முன்னால், மாதிரிகளை எடுத்துப்போக வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று கேளுங்கள். வெறும் வயிற்று ரத்தம் எடுக்க ஜனங்கள் காலை ஆறரைக்கு வந்து நிற்பார்கள். வண்டி பதினொன்றுக்கு வந்து, அங்கிருந்து தஞ்சாவூரோ திருச்சியோ போய்ச் சேரும்போது பிற்பகல். சர்க்கரைக்குச் சாம்பல் மூடி ஃப்ளோரைடு குழாயில் எடுக்காமல் விட்டால் அளவு குறைந்து காட்டும் என்பது உங்களுக்கே தெரியும், சீரம் பிரிக்க சென்ட்ரிஃபியூஜ் மையத்திலேயே வேண்டும். அதை யார் வாங்கித் தருவது, மாதிரி கெட்டுப்போய்த் திரும்ப எடுக்கச் சொன்னால் செலவு யாருடையது, ரிப்போர்ட் தாமதமானால் நோயாளிக்கு யார் பதில் சொல்வது? பட்டுக்கோட்டையில் அவர் திட்டப் போவது உங்களைத்தான். இந்தப் பதில்களை எழுத்தில் வாங்குங்கள். தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு, ஊசி, பஞ்சு போன்ற மருத்துவக் கழிவை எடுத்துப்போக ஏற்பாடு, இவை பற்றியும் முதலிலேயே பேசிவிடுங்கள். வீட்டுக்கே போய் ரத்தம் எடுக்கிற வேலையை மட்டும் விடாதீர்கள், வயதானவர்கள் வலிக்காமல் ஊசி போடுகிற கையைத்தான் தேடுவார்கள், அந்த நல்ல பெயர் எந்தக் கம்பெனிக்கும் போகாது, உங்களோடு வரும்.

கேள்வி: அப்பா ரிட்டயர்டு ஆகி 22 லட்சம் வந்தது. ஒரு கம்பெனி, 5 லட்சம் போட்டால் உங்கள் பெயரில் ஃபிரான்சைஸ் கடை, நீங்கள் ஒரு வேலையும் செய்ய வேண்டாம், நாங்களே நடத்தி மாதம் 30,000 உறுதியாகத் தருகிறோம் என்கிறது. இரண்டு கடை எடுக்கலாம் என்கிறார் அப்பா. சொன்னால் கோபப்படுகிறார்.
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: ஒரு ரூபாய்கூடப் போட வேண்டாம். இதை அப்பாவுக்கே படித்துக் காட்டுங்கள்.

ஐயா, 5 லட்சத்துக்கு மாதம் 30,000 என்றால் மாதம் 6 சதவீதம், வருடத்துக்கு 72. உண்மையிலேயே அவ்வளவு லாபம் வரும் கடையை வைத்திருப்பவர் வங்கியில் 12, 14 சதவீதத்துக்குக் கடன் வாங்கி அத்தனையையும் தானே எடுத்துக்கொள்வார், உங்கள் ஓய்வுக்காலப் பணத்தைத் தேடி வர மாட்டார். கடை நடத்துவது அவர்கள், லாபமோ நஷ்டமோ உங்களுக்கு ஒரே தொகை என்றால் அது வியாபாரமே இல்லை, வட்டிக்குப் பணம் வாங்குவதுதான். கடை என்ற பெயரைப் போர்த்திக்கொண்டு வருகிறது, அவ்வளவுதான்.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் பெருந்துறையில் 2012-இல் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஈமுக் குஞ்சும் தீவனமும் நாங்களே தருகிறோம், வளர்ப்புக்கு மாதா மாதம் பணமும் தருகிறோம் என்றார்கள். முதலில் சில மாதம் ஒழுங்காகத்தான் பணம் வந்தது, அதைப் பார்த்துத்தான் சொந்தக்காரர்கள் எல்லாரும் போட்டார்கள். பிறகு பணமும் நின்றது, தீவனமும் நின்றது, பட்டியில் பறவைகள் பட்டினி கிடந்தன. ஆகவே, முதல் மூன்று மாதம் ஒருவருக்குச் சரியாக வருகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் அதை அத்தாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஏற்கெனவே முன்பணம் எதுவும் கட்டியிருந்தால் ரசீதையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள். முதலீட்டாளர் நலன் காக்க 1997-இலிருந்தே மாநிலத்தில் சட்டம் இருக்கிறது, 2019-இல் மத்தியச் சட்டமும் வந்துவிட்டது. கூச்சப்பட்டுத் தாமதிப்பதால்தான் பணம் கைவிட்டுப் போகிறது.

கேள்வி: நானும் மாமியாரும் பத்து வருடமாக முறுக்கு, சீப்பு சீடை, அதிரசம் செய்து விற்கிறோம். கடைக்குப் பெயர் வந்துவிட்டது. கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் எங்கள் பெயரில் அங்கே கடை போடுகிறேன், 3 லட்சம் தருகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: வாங்கலாம், ஆனால் இந்த மாதம் வேண்டாம். முதலில் பெயரை வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய விண்ணப்பியுங்கள், தனிநபருக்கு ஆன்லைனில் ஒரு வகைக்கு 4,500 ரூபாய். அரசு இணையதளத்தில் அந்தப் பெயர் வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று இலவசமாகத் தேடிப் பார்க்கலாம், விண்ணப்பத்துக்கு முன் அதைச் செய்யுங்கள். பதிவு கிடைத்தால் பத்து வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். நீங்கள் பதியாமல் இருந்து, கோயம்புத்தூர்க்காரர் பதிந்துவிட்டால் உங்கள் பெயரை மீட்க நீங்கள்தான் கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருக்கும்.

அடுத்தது, அத்தை இல்லாமல் ஒரு வாரம் அதிரசம் போட்டுப் பாருங்கள். பாகுப் பதம் அவர் விரலில் இருக்கிறது, தாளில் இல்லை. வெல்லம் எத்தனை கிலோ, தண்ணீர் எவ்வளவு, மாவின் ஈரம் எவ்வளவு, எத்தனை நாள் புளிக்க விடுவது என்று எல்லாவற்றையும் எடை போட்டு எழுதி, அதைப் பார்த்து வேலைக்கார அம்மா ஒருவர் செய்து, வழக்கமான வாடிக்கையாளருக்கு வித்தியாசம் தெரியாமல் இருக்க வேண்டும். அதுவரை கோயம்புத்தூர்க்காரருக்குப் பெயரைக் கொடுக்காதீர்கள், சரக்கை மட்டும் கொடுங்கள். காரைக்குடியில் செய்து பஸ்ஸில் அனுப்புங்கள், அவர் அங்கே விற்கட்டும். ஆறு மாதம் அவர் சரியாகக் காசு கொடுக்கிறாரா, பழைய சரக்கைத் தள்ளிவிடுகிறாரா என்பதும் அதில் தெரிந்துவிடும்.